டர்பன்ல எங்க ஃப்ளாட்டுக்குப் போட்ட பார்சல் லாக்கர்: பதினோரு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

பார்சல் லாக்கர்னா, கூரியர்காரர் பார்சல உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போற, நாம பின் நம்பர் அடிச்சு எடுத்துக்கற கதவு வச்ச பொட்டி. மொதல்லயே மார்க் சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு மார்க்க ஏன் கொறச்சேன்னு கீழ விவரமா வரும், அதப் படிக்காம யாரும் கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டுடாதீங்க. நாங்க இருக்கறது தென்னாப்பிரிக்கால டர்பன்ல மஸ்க்ரேவ் பக்கம், எட்டு மாடி, மாடிக்கு எட்டு வீடு, மொத்தம் 64, பழைய கட்டடம், கேட்டுகிட்ட ஒரே ஒரு செக்யூரிட்டி ரூம், அதுல ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கெட்டில். அவ்வளவுதான் எடம். இந்தியாலேர்ந்து வந்து டர்பன்ல செட்டிலான எங்கள மாதிரி குடும்பமும் உண்டு, அஞ்சாறு தலைமுறையா இங்கயே இருக்கற தமிழ்க் குடும்பங்களும் உண்டு, ஜூலு குடும்பங்க, யூனிவர்சிட்டி பசங்கன்னு எல்லாரும் கலந்த எடம். எல்லார் வீட்டுக்கும் பார்சல் வருது. 2020 லாக்டவுனுக்கு முன்னாடி வாரத்துக்கு நாலஞ்சு வந்துட்டிருந்த எடத்துல இப்ப ஒரு நாளைக்கே பதினஞ்சு இருபது வருது. டேக்அலாட்ங்கற ஆன்லைன் கடை ஒரு பக்கம், 2024 மே மாசத்துலேர்ந்து அமேசானும் தென்னாப்பிரிக்காவுக்குன்னே தனியா கடைய தொறந்துட்டாங்க, மருந்துக் கூரியர் ஒரு பக்கம், பேங்க் கார்டு ஒரு பக்கம். எல்லாம் அந்த ஒரு மேசைக்கு அடியில.

முன்னாடி எப்படி இருந்துச்சுன்னா, கூரியர்காரர் வருவாரு, இன்டர்காம்ல வீட்டுக்கு அடிப்பாரு, யாரும் எடுக்கலன்னா பாபா கையில குடுத்துட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாரு. பாபான்னு சொல்றது எங்க பகல் செக்யூரிட்டிய, இங்க வயசான ஜூலு ஆம்பளைங்கள மரியாதையா அப்படித்தான் கூப்புடுவோம். அவரு ஒரு நீல அட்டை போட்ட நோட்டுல வீட்டு நம்பர், பேரு, போன் நம்பர் எல்லாம் எழுதுவாரு, நாம போய் வாங்கும்போது பக்கத்துல கையெழுத்து போடணும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும், மேசைக்கு அடியில இருக்கறத ராத்திரி ஆளுகிட்ட வாயாலயே சொல்லி ஒப்படைச்சிட்டுப் போவாரு. அந்த நோட்டு எப்பவும் மேசை மேல தொறந்தே கெடக்கும், வர்ற போற யாரு வேணா எந்த வீட்ல யாரு இருக்கா, அவங்க போன் நம்பர் என்ன, யாருக்கு என்ன வருதுன்னு பாத்துக்கலாம். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்க எல்லாரும் போப்பியான்னு சொல்ற சட்டம், 2021 ஜூலை 1-லேர்ந்து முழுசா அமலுக்கு வந்தாச்சு, அதுக்கப்புறமும் எங்க நோட்டு அப்படியேதான் கெடந்துச்சு. தனியா இருக்கற பொண்ணுங்க ரெண்டு பேரு இதப் பத்தி மீட்டிங்ல கேட்டாங்க, யாரும் காதுல வாங்கல.

ஆனா நான் இந்த லாக்கருக்காக ஒத்தக் கால்ல நின்னதுக்கு காரணம் அந்த நோட்டு இல்ல, அதுல எழுதியிருந்த ஒரே ஒரு வரி. 704-ல இருக்கற ஸ்டூடன்ட் பையனுக்கு ஒரு போன் வந்துச்சு, அவன் பார்ட் டைம் வேலை பாத்து காசு சேத்து வாங்குன போன். கூரியர்காரரோட சிஸ்டம்ல டெலிவர்டுன்னு காட்டுது, பாபாவோட கையெழுத்து இருக்கு, நோட்டுலயும் 704-ன்னு எழுதியிருக்கு, மேசைக்கு அடியில மட்டும் பார்சல் இல்ல. பையன் அழுதான், அவங்க அம்மா நியூகாசில்லேர்ந்து போன் பண்ணி கத்துனாங்க, செக்யூரிட்டி கம்பெனிக்கு கம்ப்ளெய்ன்ட் போச்சு, அவங்க ஒரு விசாரணையும் இல்லாம பாபாவோட சம்பளத்துலேர்ந்து தவணையா புடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. மூணு வாரம் கழிச்சு 407-ல இருக்கறவங்க ஜோபர்க்லேர்ந்து திரும்பி வந்தாங்க, வீட்டுக்குள்ள அந்தப் பொட்டி பிரிக்காம அப்படியே இருக்கு. நடந்தது இதுதான், ராத்திரி ஆளு 704-அ 407-ன்னு படிச்சு, அந்த வீட்ட சுத்தம் பண்ண வந்த அம்மாகிட்ட குடுத்துட்டாரு. தப்பு யார் மேலயும் பெருசா இல்ல, ரெண்டு நம்பர் இடம் மாறிடுச்சு, அவ்வளவுதான். புடிச்ச காச பாபாவுக்குத் திருப்பிக் குடுக்க வைக்கவே எங்க கட்டட ஓனருங்க கமிட்டியோட சேர்மன் அங்கிள் ரெண்டு மாசம் போன் போட வேண்டியிருந்துச்சு. அந்த ரெண்டு மாசமும் பாபா எங்க யார் மொகத்தையும் நிமிந்து பாத்து சாவுபோனா, அதாவது ஜூலுல வணக்கம், சொல்லல. பதினஞ்சு வருஷமா தெனம் காலைல சொன்ன மனுஷன்.

அப்பதான் நான் ட்ரஸ்டிங்க, அதாவது ஓனருங்க சார்பா கட்டடத்த நிர்வாகம் பண்ற அந்தக் கமிட்டிக்காரங்க, கிட்ட போயி, பொருள் யார் கைக்கு எப்ப போச்சுங்கறத ஒரு மனுஷனோட ஞாபகத்துல வைக்கவே கூடாதுன்னு சொன்னேன். சேர்மன் அங்கிள் நல்ல மனுஷர், ஆனா இதெல்லாம் புது ஃபேஷன், ரெண்டு வருஷத்துல ரிப்பேர் ஆகி குப்பைக்குப் போகும்னு சொன்னாரு. நான் அவருக்குக் காட்டினேன், ஜெர்மனில டிஹெச்எல் கம்பெனி பேக்ஸ்டேஷன்னு 2001-லயே ஆரம்பிச்சது இது, போலந்துல இன்போஸ்ட் 2009-ல ஆரம்பிச்சு இன்னைக்கு அங்க வீட்டு வாசல்ல டெலிவரிக்குக் காத்திருக்கறத விட லாக்கர்ல போய் எடுக்கறதுதான் ஜனங்களுக்குப் பழக்கம். நம்ம ஊர்லயும் கூரியர் கை கம்பெனியோட பூடோ லாக்கர் பெட்ரோல் பங்க்லயும் மால்லயும் நிக்குதே அங்கிள், அதத்தானே நம்ம கேட்டுக்குள்ள கொண்டு வரப் போறோம்னேன். அது அவருக்குப் புரிஞ்சுது.

இங்க செக்ஷனல் டைட்டில் கட்டடத்துல, அதாவது வீடு அவங்கவங்களுக்கு சொந்தம், பொது எடம் எல்லாருக்கும் சொந்தம்ங்கற கட்டடத்துல, இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும், ட்ரஸ்டிங்க நெனச்சா மட்டும் பொது எடத்துல இத நிறுத்த முடியாது. இந்த மாதிரி கட்டடங்கள நிர்வாகம் பண்றதுக்கான 2011-ஆம் வருஷத்து சட்டத்தோட நிர்வாக விதி 29-அ எடுத்துப் படிங்க. நியாயமா தேவைப்படற மாற்றம்னா எல்லா ஓனருக்கும் எழுத்துல 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும், எவ்வளவு செலவு, காசு எங்கேர்ந்து வருது, எதுக்கு இது வேணும்னு அதுல இருக்கணும். அந்த 30 நாளுக்குள்ள ஒரே ஒருத்தர் எழுதிக் கேட்டாக்கூட ஜெனரல் மீட்டிங் வச்சே ஆகணும், அங்க ஸ்பெஷல் ரெசல்யூஷன் பாஸாகணும், அதாவது போட்ட ஓட்டுல எண்ணிக்கையிலயும் மதிப்புலயும் 75 சதவீதம். தேவையே இல்லாத ஆடம்பரம்னு முடிவாச்சுன்னா எல்லாரும் ஒருமனதா ஒத்துக்கணும், அது நடக்கற காரியம் இல்ல. அதனால நோட்டீஸ்லயே இது ஏன் அவசியம்னு தெளிவா எழுதுங்க. நாங்க அந்த 704 கதையையும் தொறந்து கெடந்த நோட்டோட விவரத்தையும் எழுதினோம். ஒருத்தர் மீட்டிங் கேட்டாரு, வச்சோம், பாஸாச்சு. மொத்தம் நாலு மாசம் ஆச்சு. கடையில ஃப்ரிட்ஜ் வாங்கற மாதிரி அடுத்த வாரமே வந்துடும்னு நெனச்சு குடியிருக்கறவங்களுக்கு வாக்கு குடுத்துடாதீங்க.

எங்களுக்கு மூணு வழி இருந்துச்சு. சொந்தமா மொத்தக் காசு குடுத்து வாங்கறது, ஆனா கெட்டுப்போச்சுன்னா நாமதான் ஆள் தேடணும். ஒரு கூரியர் கம்பெனியோட பொது லாக்கர வாசல்ல வைக்க எடம் குடுக்கறது, அதுக்கு நமக்கு செலவு இல்ல, ஆனா வெளி ஆளுங்க வந்து போவாங்க, எல்லா கூரியரோட பார்சலும் அதுல போடவும் முடியாது. மூணாவது மாச வாடகை, எந்த கூரியரா இருந்தாலும் போடலாம், ரிப்பேர் அவங்க பொறுப்பு. நாங்க மூணாவத எடுத்தோம். மாசம் 2,880 ராண்ட், 64 வீட்டுக்குப் பிரிச்சா சராசரியா 45 ராண்ட் லெவில, அதாவது மாசாமாசம் ஓனருங்க கட்டற பராமரிப்புக் காசுல, ஏறுச்சு. கம்பெனி பேர நான் எழுதப் போறதில்ல, ஏன்னா நான் சொல்ற கொறையில பாதி எங்க தப்பு, மீதிய அவங்க சரி பண்ணிட்டே இருக்காங்க.

பொட்டியப் பத்தி சொல்றேன். 2025 பிப்ரவரி முதல் வாரம் வந்துச்சு, மொத்தம் 26 கதவு, சின்னது 14, நடுத்தரம் 8, பெருசு 4. நான் எடுத்தவொடனே கேட்ட கேள்வி என்ன ஸ்டீல்னுதான். டர்பன் கடக்காத்து தெரியும்ல, பால்கனி கம்பிய வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சாலும் துரு கெளம்பும். மைல்ட் ஸ்டீல்ல பவுடர் கோட்டிங்னா மூணாவது வருஷம் கதவோட கீழ் ஓரம் தின்னுபோயிடும். இவங்க 3சிஆர்12-ல பண்ணிக் குடுத்தாங்க, அது இங்க தென்னாப்பிரிக்காவுலயே கண்டுபுடிச்ச ஸ்டெயின்லெஸ் வகை, 12 சதவீதம் கிட்ட குரோமியம், முழு ஸ்டெயின்லெஸ் அளவுக்கு வெல இல்ல, ஆனா சாதா இரும்பு மாதிரி உதிரவும் உதிராது. ஒடம்பு இன்னைக்கும் அப்படியே இருக்கு. ஆனா கீல்ல போட்ட ஸ்க்ரூ மட்டும் சாதா ஸ்க்ரூ, அஞ்சாவது மாசமே ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலேர்ந்தும் பழுப்பு கலர்ல கண்ணு மை கரைஞ்ச மாதிரி ஒரு கோடு எறங்க ஆரம்பிச்சுது. போட்டோ எடுத்து அனுப்புனேன், ஆள் வந்து மொத்தமும் மாத்திக் குடுத்தாங்க. நீங்க வாங்கும்போது ஒடம்பு என்ன ஸ்டீல்னு மட்டும் கேக்காம ஸ்க்ரூ, கீலு, பூட்டோட நாக்கு எல்லாம் என்னன்னு எழுதி வாங்கிக்கோங்க.

கூரியர்காரர் எப்படிப் போடறார்னா, கேட்டுல ஒரு ரகசிய நம்பர் அடிச்சு லாக்கர் கிட்ட வருவாரு, ஸ்க்ரீன்ல வீட்டு நம்பர் அடிப்பாரு, எந்த அளவு கதவு வேணும்னு தொடுவாரு, கதவு டக்குனு தொறக்கும், உள்ள வச்சு சாத்துவாரு, மேல இருக்கற கேமரா ஒரு போட்டோ எடுக்கும், நமக்கு எஸ்எம்எஸ்ல ஆறு இலக்க பின் வரும். அவருக்கு ஆப் எதுவும் தேவையில்ல, இது ரொம்ப முக்கியம், ஆப் போட்டாத்தான் தொறக்கும்னு வேற ஒரு கம்பெனி சொன்னாங்க, ஒரு நாளைக்கு எத்தனையோ கேட்டுக்குப் போற டிரைவர் நம்ம ஒரு கட்டடத்துக்காக ஆப் டவுன்லோட் பண்ணுவாரா? பேக்கிய, அதாவது சின்ன டெலிவரி வண்டிய, ரோட்லயே இண்டிகேட்டர் போட்டு நிறுத்திட்டு ஓடி வர்ற மனுஷங்க அவங்க. 407, 704 கொழப்பத்துக்காக நான் ஒன்னு கேட்டு வாங்கினேன், நம்பர் அடிச்சதும் அந்த வீட்டுக்காரங்க பேரோட மொத எழுத்தும் கடைசிப் பேரோட மொத எழுத்தும் மட்டும் ஸ்க்ரீன்ல வரும், பார்சல் மேல இருக்கற பேரோட ஒத்துப் பாத்துக்கலாம், முழுப் பேரும் வெளிய தெரியாது. பதினோரு மாசத்துல வீடு மாறிப் போனது ஒரு தடவ கூட இல்ல.

மொத மாசம் மட்டும் பாதி டிரைவருங்க பார்சல லாக்கர் தலை மேல வச்சுட்டுப் போனாங்க. அத மாத்துனது கம்பெனி இல்ல, பாபா. ஒவ்வொருத்தரையும் கூப்புட்டு, ஜூலுல பேசி, கைய புடிக்காத கொறையா மொத தடவ தொட்டுக் காட்டினாரு. ஜூலுலயும் இங்கிலீஷ்லயும் ஒரு தாள் எழுதி நாங்க லாமினேட் பண்ணி ஒட்டுனோம், அந்த ஜூலு வாசகம் பாபா சொல்லச் சொல்ல எழுதுனது. மேனேஜிங் ஏஜென்ட் ஆபீஸ்ல ஒருத்தரு லாக்கர் வந்தாச்சே, பகல் செக்யூரிட்டிய எடுத்துடலாம், செலவு மிச்சம்னு ஒரு பேச்ச எடுத்தாரு. நான் அந்த மீட்டிங்ல எழுந்து நின்னு சொன்னேன், அவருமேல விழுந்த சந்தேகத்த எடுக்கத்தான் இந்தப் பொட்டி, அவர எடுக்க இல்லன்னு. சேர்மன் அங்கிளும் என் பக்கம் நின்னாரு. அந்தப் பேச்சு அதோட போச்சு.

கரன்ட் விஷயம் எல்லாரும் கேப்பீங்க. 2024 மார்ச் கடைசில நின்ன லோட்ஷெட்டிங் பத்து மாசம் தலை காட்டல, 2025 ஜனவரி 31 திரும்ப வந்துச்சு, எங்க பொட்டி பிப்ரவரில வந்துச்சு. பிப்ரவரி 23 ஞாயித்துக்கெழம ஸ்டேஜ் 6 வரைக்கும் போனது ஞாபகம் இருக்கும், ஸ்டேஜ் ஏற ஏற கரன்ட் இல்லாத நேரமும் ஏறும். எங்களுக்கு அது நல்ல டெஸ்டா ஆயிடுச்சு. உள்ள ஒரு பேட்டரி இருக்கு, ஸ்க்ரீன் மங்கலானாலும் வேலை செஞ்சுது. கரன்ட் போனா பூட்டு தொறந்துக்குமான்னு பயந்தவங்களுக்குச் சொல்றேன், தொறக்காது, பூட்டு தொறக்கத்தான் கரன்ட் வேணும், பூட்டியிருக்க ஒன்னும் வேணாம். பிரச்சன வேற எடத்துல வந்துச்சு, பக்கத்து டவர் பேட்டரியும் எறங்கிப் போயி எஸ்எம்எஸ் வரல. பார்சல் உள்ள இருக்கு, பின் நம்ம கையில இல்ல. ஏற்கனவே வந்த பின்னுக்கு மட்டும் நெட்வொர்க் இல்லாமலே கதவு தொறந்துச்சு, ஏன்னா அந்த பின்ன லாக்கர் தனக்குள்ளயே சேத்து வச்சிருக்கு, ஒவ்வொரு தடவையும் சர்வர கேக்கறதில்ல. இந்த ஒரு கேள்விய மறக்காம கேளுங்க, நெட் இல்லாதப்ப பின் வேலை செய்யுமான்னு. வாயால பதில் சொன்னா ஏத்துக்காதீங்க, டெமோவுக்கு வரும்போது சிம்ம கழட்டச் சொல்லிட்டு தொறந்து காட்டச் சொல்லுங்க.

இப்ப அந்த ஒரு மார்க். மூணாவது மாடில ஒரு ஆயா இருக்காங்க, எழுபத்தெட்டு வயசு, அவங்க தாத்தாவோட அப்பா கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரு, ஆயா பேசற தமிழ்ல பாதி இங்கிலீஷ் இருக்கும், ஆனா நம்ம பாட்டிங்க சொல்ற மாதிரி கடுதாசி, பொட்டின்னு சொல்வாங்க, கேக்கவே ஆசையா இருக்கும். சக்கர நோய், இன்சுலின் போட்டுக்கறாங்க. மாசா மாசம் மருந்துக் கூரியர்ல ஒரு கூல் பெட்டில வரும். முன்னாடி பாபா இன்டர்காம்ல அடிச்சு, ஆயா வரலன்னா ஷிஃப்ட் முடிஞ்சு தானே மேல ஏறிக் குடுத்துட்டுப் போவாரு. மார்ச் மாசம் ஒரு வெள்ளிக்கெழம மத்தியானம் கூரியர்காரரு அத லாக்கர்ல வச்சு சாத்திட்டுப் போயிட்டாரு. அவர் மேல தப்பு இல்ல, நாங்கதான் எல்லாத்தையும் லாக்கர்ல போடுங்கன்னு தாள் ஒட்டியிருந்தோம். எஸ்எம்எஸ் ஆயாவோட மகன் நம்பருக்குப் போச்சு, ஏன்னா பதிவு பண்ணும்போது ஸ்மார்ட்போன் இருக்கறவங்க நம்பரக் குடுங்கன்னு ஃபார்ம்ல இருந்துச்சு, மகன் அப்ப கேப்டவுன்ல வேலையா இருந்தாரு, பாக்கல. ஆயா வெள்ளியும் சனியும் கோயில்ல, ஞாயித்துக்கெழம காலைல என்கிட்ட வந்து, கண்ணு, என் மருந்து இன்னும் வரலயே, அந்தப் பொட்டிக்குள்ள இருக்குமா, எனக்கு அதத் தொறக்கத் தெரியலையேன்னு கேட்டாங்க.

நான் போய் ஆபீஸ் நம்பருக்கு அடிச்சு தொறக்க வச்சேன். எங்க லாக்கர் கேட்டுக்குப் பக்கத்துல மேற்கு பாத்த செவுத்துல இருக்கு, டிரைவர் கட்டடத்துக்குள்ள வராம போட வசதியா இருக்கட்டும்னு நாங்களே தேர்ந்தெடுத்த எடம், மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து வெயில் நேரா கதவுல அடிக்கும். கதவு கைய வைக்க முடியாத சூடு. உள்ள தெர்மாக்கோல் பெட்டி, அதுக்குள்ள ஐஸ் பேக் மூணும் வெதுவெதுன்னு தண்ணியா குலுங்குது, அட்டை ஓரமெல்லாம் நனஞ்சு ஊறி கையோட வருது, அதுக்கு நடுவுல அஞ்சு பேனா. பிரிக்காத இன்சுலின 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். மருந்துக்கடைல கேட்டோம், எவ்வளவு சூட்டுல எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னே தெரியாது, போட்டுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவதான் மெடிக்கல் ஸ்கீம்ல குடுப்பாங்க, அதனால அந்த மாசம் ஆயா கைக்காசுல வாங்குனாங்க. ஒரு வார்த்த கோவமா பேசல, பழைய பாபாவே போதுமே மான்னு மட்டும் சொன்னாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரல, மீட்டிங்ல நின்னு வாதாடுனது நான், ஆயாவுக்கு ஒரு வார்த்த சொல்லிக் குடுக்கணும்னு எனக்குத் தோணவேயில்ல.

அதுக்கப்புறம் மாத்துனதெல்லாம் இந்த சர்வீஸோட நெஜமான மதிப்பு. ஸ்க்ரீன்ல ஃப்ரிட்ஜ் சாமான்னு பெருசா ஒரு பட்டன், ஒரு குளிர் படம் போட்டு, அதத் தொட்டா கதவே தொறக்காது, பாபா ரூம்ல மணி அடிக்கும், அவரு வீட்டுக்கு இன்டர்காம் போடுவாரு, வீட்ல யாரும் இல்லன்னா மேசைக்கடியில நாங்க வாங்கிக் குடுத்த சின்ன ஃப்ரிட்ஜுல வைப்பாரு. கம்பெனிக்காரங்க இத மூணு வாரத்துல பண்ணிக் குடுத்தாங்க, கூடுதல் காசு வாங்கல, அத நான் பாராட்டியே ஆகணும். ரெண்டாவது, போன் வேணாங்கறவங்களுக்கு ஒரு டேக், லிஃப்ட் டேக் மாதிரி ஒரு பட்டன் சைஸ். காட்டுனா அவங்க வீட்டுக் கதவு எதுவோ அது தானா தொறக்கும், நம்பர் எதுவும் அடிக்க வேணாம். இந்த டேக் ஆரம்பத்துலேர்ந்தே அவங்க சாமான்ல இருந்த வசதிதான், விக்க வந்தவரு சொல்லல, நாங்களும் கேக்கல. ஆயா அத முருகர் படம் போட்ட சாவிக் கொத்துல மாட்டியிருக்காங்க. மூணாவது, லாக்கருக்கு மேல தகரக் கூரை போட்டு பக்கத்துல மறைப்பும் வச்சோம், இப்ப மத்தியானம் கதவுல கைய வைக்க முடியுது. எடம் பாக்கும்போது சாயங்காலம் நாலு மணிக்குப் போய் பாருங்க, காலைல பாத்தா மேற்கு பாத்த செவுரு நெழலாத்தான் இருக்கும்.

அளவு விஷயத்துல நாங்க ஏமாந்தோம். சின்னக் கதவு 14-ம் பாதி நாள் காலியா கெடக்கும், பெரிய கதவு நாலும் காலைல பத்து மணிக்கே ரொம்பிடும். ஜனங்க ஆன்லைன்ல போன் கவர் மட்டும் வாங்கறதில்ல, நாய் சாப்பாடு மூட்ட, கொழந்த நாப்கின், ஃபேன், அரிசின்னு கனமானது, பெருசானதுதான் கடைக்குப் போய் தூக்க முடியாம வாங்கறாங்க. அக்டோபர்ல தீபாவளிக்கு முந்துன வாரம் ஊர்லேர்ந்து பொடவை பார்சலா வந்துச்சு, அது சின்னக் கதவுலயே அடங்கிடும், அதுல கஷ்டம் இல்ல. நவம்பர் கடைசி பிளாக் ஃப்ரைடேதான் மூச்சு முட்டுச்சு, மூணு நாள் லாக்கர் ஃபுல், திரும்ப பழைய மாதிரி மேசைக்கடியில. ஆனா நோட்டு வரல, பாபா ரூம் டேப்லெட்ல அதே சிஸ்டத்துல பதிஞ்சு அதே மாதிரி பின் குடுத்தாரு. எங்க மாதிரி 64 வீடுன்னா பெரிய கதவு எட்டாவது இருக்கணும்னு இப்ப சொல்வேன். கட்டடத்துல ஒரு மாசம் வர்ற பார்சல வெறும் டேப்பால அளந்து எழுதி வச்சுட்டு அப்புறம் ஆர்டர் குடுங்க, நாங்க அத செய்யல.

சிக்ஸ்டி60 மாதிரி மளிகை பைக்குங்க இதுல சேராது, அது எப்பவும் போல கேட்டுலயே கையில வாங்கிக்கறதுதான்.

கான்ட்ராக்ட் மூணு வருஷம், வருஷா வருஷம் 8 சதவீதம் ஏறும். மொத டிராஃப்ட்ல 48 மணி நேரத்துக்கு மேல எடுக்காத பார்சலுக்கு குடியிருக்கறவங்ககிட்ட நாளைக்கு 15 ராண்ட் புடிக்கலாம்னு ஒரு வரி இருந்துச்சு, பன்னெண்டாவது பக்கத்துல. அத அடிச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டோம், ஆஸ்பத்திரில இருக்கறவங்க, ஊருக்குப் போனவங்ககிட்ட எப்படி வாங்குவீங்கன்னு கேட்டதுக்கு அவங்ககிட்டயும் பதில் இல்ல. எங்க போன் நம்பர், யாருக்கு எந்தக் கடைலேர்ந்து வருதுங்கற விவரம், கேமரா போட்டோ எல்லாம் யார்கிட்ட இருக்கும், எத்தன நாள் இருக்கும், கான்ட்ராக்ட் முடிஞ்சா அழிப்பாங்களான்னும் எழுதி வாங்கினோம். போட்டோ 30 நாள்ல போயிடும், நம்பர விளம்பரத்துக்குக் குடுக்கக் கூடாது. நோட்டு தொறந்து கெடந்ததுக்காக ஆரம்பிச்சுட்டு அதே விவரத்த கம்பெனிகிட்ட மொத்தமா தூக்கிக் குடுத்தா என்ன அர்த்தம்?

704 பையன் இப்ப ஃபைனல் இயர். லாப்டாப்புக்கு ஒரு பை ஆர்டர் பண்ணியிருந்தான், போன வாரம் லாக்கர்லேர்ந்து எடுத்துட்டு நேரா பாபா ரூமுக்குப் போய் பிரிச்சுக் காட்டினான். நான் லிஃப்டுக்கு நின்னுட்டிருந்தேன், என்ன பேசினாங்கன்னு கேக்கல, பாபா ஜிப்ப இழுத்து இழுத்துப் பாத்துட்டிருந்தாரு.

பெரிய கதவு உள்ள ஒரு அடுக்கு கூடுதலா போட ட்ரஸ்டிங்க ஒத்துக்கிட்டாங்க, ஏப்ரல்ல வருது, லெவில 7 ராண்ட் ஏறும். இந்தத் தடவ நோட்டீஸ் போகறதுக்கு முன்னாடி நானும் ஆயாவும் சேந்து ஒவ்வொரு மாடியா போய் போன் இல்லாதவங்க யாரு, மருந்து வர்ற வீடு எதுன்னு கேட்டு எழுதிட்டோம், ஒன்பது வீடு இருக்கு. ஒன்பதுக்கும் டேக் ஆர்டர் போட்டாச்சு.